பசிக்கோடு பார்க்கிறவள்

என் நாத்தனாருக்கு எங்கள் வீட்டில் பெயர் பூனை. வைத்தது என் வீட்டுக்காரர். அவளுக்கு ஆறு வயது மூத்த அண்ணன். சின்ன வயதிலேயே அவள் அறைக்குள் வருவதும் தெரியாதாம், போவதும் தெரியாதாம். நான் கல்யாணமாகி வந்த முதல் வாரம், சமையலறையில் திரும்பிப் பார்க்கிறேன், முதுகுக்குப் பின்னால் நிற்கிறாள். கையிலிருந்த பீங்கான் கிண்ணம் போய்ச் சேர்ந்தது. "வரப்ப ஒரு இருமலாவது இருமிட்டு வரக் கூடாதா?" என்று கத்தினேன். மறுநாளிலிருந்து வாசலில் நின்று ஒரு இருமல் இருமிவிட்டுத்தான் உள்ளே வந்தாள். என்னைக் கிண்டல் செய்கிறாள் என்று நினைத்து நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். கிண்டலும் இல்லை ஒன்றும் இல்லை. சொன்னதைச் செய்தாள், அவ்வளவுதான். இது என் மண்டையில் ஏற பதினேழு வருஷம் ஆயிற்று.

நான் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவள். கண்ணாடிக்கு உள்ளே உட்கார்ந்து ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் கத்துவது என் பிழைப்பு. "சில்லறை கொடுங்க", "அந்த வண்டி போயிடுச்சு", "வரிசையில வாங்க, வரிசையில!" வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் குரல் இறங்காது. என் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர்; நாள் முழுக்க இருட்டுக் கூண்டுக்குள் தொங்கிவிட்டு வருகிறவருக்கு என் சத்தம் ஒரு துணை மாதிரி என்று சொல்லிக்கொள்வார். பாவம், வேறு என்ன சொல்வார்?

பூனைக்கு ஒரு பெரிய சலவைக்கூடத்தில் வேலை. விடுதிகளின் படுக்கை விரிப்புகள் வண்டி வண்டியாக வரும். துவைத்ததை சூடான உருளைக்குள் விட்டு இஸ்திரி போட வேண்டும். ஒரு முனையை இவள் பிடிக்க, மறுமுனையை எதிரே ஒருத்தி பிடிக்க, இருவரும் ஒரே நேரத்தில் உருளைக்குள் கொடுக்க வேண்டும். ஒருத்தி நகர்ந்தால் இயந்திரத்தையே நிறுத்த வேண்டியதுதான். விடியற்காலை ஐந்து மணிக்குப் போய் மதியம் ஒரு மணிக்குத் திரும்புவாள். விடுப்பு எடுத்ததே இல்லை. கல்யாணம் ஒன்று நடந்து, இரண்டு வருஷத்தில் முறிந்து, ஒரு பெட்டியோடு திரும்பி வந்தாள். அதைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

வேலை முடிந்து வந்தால் ஜன்னலோரத்தில் இருக்கும் பழைய கணினியின் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். அதில் ஒரு குடும்ப விளையாட்டு. வீடு கட்டலாம், ஆட்களைச் செய்யலாம், வேலைக்கு அனுப்பலாம், தூங்க வைக்கலாம். சுடுவது வெட்டுவது கிடையாது, ஜெயிப்பது தோற்பதும் கிடையாது. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பசிக்கோடு உண்டு. வயிறு நிறைந்திருந்தால் பச்சை; குறையக் குறைய மஞ்சள்; அப்புறம் சிவப்பு. சிவப்பிலேயே விட்டுவிட்டால் ஆள் செத்துப் போவான்.

எனக்கு அந்தக் கணினியைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். "நாப்பது வயசுல பொம்மைக்குச் சோறு ஊட்டிட்டு இருக்கா பாருங்க" என்று என் வீட்டுக்காரரிடம் அவள் காதுபடவே சொல்வேன். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். அந்த விளையாட்டைப் பற்றி யாராவது கேட்டால் மட்டும் அவளுக்கு வாய் திறக்கும். திட்டுவதற்காகக் கேட்டாலும் சரி.

"இதை விளையாடுறவங்க ஒவ்வொருத்தங்களும் சாப்பாட்டை ஒவ்வொரு மாதிரி பாக்குறாங்க அண்ணி. நெட்ல இதுக்குன்னே எழுதுறாங்க, நான் படிப்பேன். ஒருத்தங்க வாரத்துல ஒரு நாள் பெரிய பாத்திரம் நிறையச் சமைச்சு ஃப்ரிட்ஜுல வச்சுடுவாங்களாம், ஏழு நாளும் அதேதான். ஒருத்தர் வீட்டுல நாற்காலியே கிடையாது. உக்காந்தா பேச ஆரம்பிச்சுடுதுங்களாம், வேலைக்கு லேட்டாகுதாம். நின்னுட்டே சாப்பிடணும்."

"அடப்பாவி."

"ஒருத்தங்க பிறந்தநாள் கேக் மட்டும்தான் போடுவாங்க. அது கெட்டுப் போகாதாம். வருஷம் பூரா அதே கேக்."

"அந்த வீட்டுல வாழ்றதுக்குப் பட்டினி கிடந்து சாகலாம்."

"இன்னும் சில பேர் ஒரு குறுக்கு வழி போட்டுக் கோட்டைப் பச்சையாக்கிடுவாங்க. சாப்பிடவே வேண்டாம். சமையலறையை இடிச்சுட்டு நீச்சல் குளம் கட்டிடுவாங்க." இதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகம் கொஞ்சம் சுருங்கும்.

"நீ எப்படிப் போடுவ?"

"நான் சிவப்பு வரைக்கும் விட மாட்டேன். சிவப்புல போய்ச் சொன்னா கேக்காதுங்க. கையை ஆட்டிக் கத்தும், தரையில உக்காந்துக்கும். மஞ்சள் ஆரம்பிக்கறப்பவே போட்டுடணும். கொஞ்சமா. அதுங்க நடக்குற வழியிலயே வச்சுடணும்."

"சரி சரி, அடுப்புல பால் பொங்குது, அதைப் போய்ப் பாரு முதல்ல" என்று பேச்சை வெட்டிவிடுவேன். திரையில் அவள் வைத்திருந்த ஆட்கள் யார் என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

போன வருஷம் என் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. நல்ல கட்டி இல்லை. ஏழு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் கதிர் சிகிச்சை என்றார் டாக்டர். அதற்கு முன்னால் ஒரு முகமூடி வார்த்தார்கள். சூடான நீரில் இளகிய பிளாஸ்டிக் வலையை முகத்தின் மேல் போட்டுக் கழுத்து வரை அழுத்திப் பிடித்தார்கள். ஆறியதும் என் மூக்கு, என் தாடை அப்படியே அதில் நின்றது. தினமும் மேஜையில் படுக்க வைத்து அந்த முகமூடியை மாட்டிப் பூட்டுவார்கள். தலை இம்மி அசையாமல் இருந்தால்தான் கதிர் குறி தப்பாமல் விழும்.

"ஒண்ணே ஒண்ணு" என்றார் டாக்டர். "உடம்பு இளைக்கக் கூடாது. இளைச்சா முகமூடி தளர்ந்துடும். புதுசா வார்த்து, கணக்கெல்லாம் திரும்பப் போட ஒரு வாரம் ஆகும். இந்த வைத்தியத்துல நடுவுல விடுற ஒவ்வொரு நாளும் அந்தக் கட்டிக்குத்தான் லாபம்."

"நான் சாப்பிடுற சாப்பாட்டுக்கு இளைப்பேனா டாக்டர்?" என்று சிரித்தேன். என் வீட்டுக்காரரும் சிரித்தார்.

மூன்றாவது வாரத்தில் சிரிப்பெல்லாம் போயிற்று. நாக்கில் ருசி செத்துவிட்டது. தேன் குடித்தாலும் துருப்பிடித்த இரும்பு. எச்சில் வற்றியது. தண்ணீர் விழுங்கினாலே ஊசி இறங்குவது மாதிரி வலி. எட்டு மணி நேரம் கத்துகிற தொண்டையில் காற்று மட்டும்தான் வந்தது. என் வீட்டுக்காரர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கெஞ்சினார். நான் தட்டைத் தள்ளிவிட்டேன். அவர் அறைக்கு வெளியே போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அது தெரியும். தெரிந்தும் சாப்பிட முடியவில்லை.

அப்போதுதான் பூனை களத்தில் இறங்கினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தடதடவென்று சத்தம். எட்டிப் பார்த்தால், அண்ணனும் தங்கையும் ஃப்ரிட்ஜைத் தள்ளிக்கொண்டு வந்து என் படுக்கையறை வாசலில் நிறுத்துகிறார்கள். "என்ன கூத்து இது?" என்று கேட்க நினைத்தேன், குரல் வரவில்லை. அப்புறம் சின்னச் சின்னக் கிண்ணங்கள் வந்தன. கட்டில் தலைமாட்டில் ஒன்று, கண்ணாடிக்குக் கீழே ஒன்று, குளியலறைக்குப் போகும் வழியில் ஒன்று, ஜன்னல் விளிம்பில் ஒன்று, டிவி பக்கத்தில் ஒன்று. ஒவ்வொன்றிலும் கால் கிண்ணம்தான் இருக்கும். வடிகட்டிய சூப், பாலில் அடித்த முட்டை, கூழாக மசித்த வாழைப்பழம். சாப்பிடு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதிகாலை வேலைக்குப் போகும்முன் வைப்பாள், மதியம் வந்து காலிக் கிண்ணங்களை எடுத்துவிட்டுப் புதிதாக வைப்பாள். எடுக்கும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் தெரியும்.

கிண்ணங்கள் காலியாகத்தான் இருந்தன. ஏனென்றால் நான் அத்தனையையும் குளியலறையில் கை கழுவும் தொட்டியில் ஊற்றித் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். மறைக்க வேண்டாம், சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் வேலைக்குப் போனபின் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டால் யார் கேட்பது? வேறு யாராக இருந்தாலும் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பார்கள். பூனைக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. அவள் பதினைந்து வருஷமாகப் பழகிய உலகத்தில் தட்டு காலி என்றால் வயிறு நிறைந்தது என்று அர்த்தம். அங்கே யாரும் யாரையும் ஏமாற்றச் சாப்பாட்டைக் கொட்டுவதில்லை.

ஐந்தாவது வாரம் திங்கட்கிழமை குட்டு உடைந்தது. எடைபார்க்கும் மேடையில் ஏறினேன். மூன்று கிலோ குறைந்திருந்தது. முகமூடி மாட்டும் டெக்னீஷியன் அம்மா பூட்டிவிட்டு, தாடைக்கும் வலைக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தாள். தடையே இல்லாமல் உள்ளே போயிற்று. டாக்டர் வந்து பார்த்தார். "அடுத்த திங்கள் வரைக்கும் இதையே வச்சு ஓட்டலாம். அதுக்குள்ள இன்னும் இளைச்சா நிறுத்திட்டுப் புதுசாத்தான் வார்க்கணும். மூக்கு வழியா ஒரு குழாய் போட்டுடலாமா?" என்று கேட்டார். ஒரு வாரம் தவணை கொடுங்கள் என்று கையைக் கூப்பினேன். வாழ்க்கையில் யாரிடமும் கெஞ்சாதவள் நான்.

வீட்டுக்கு வந்ததும் பூனை என் எதிரில் நின்றாள். "கிண்ணமெல்லாம் காலியாத்தானே இருந்துச்சு அண்ணி? அப்புறம் எப்படி?"

குற்றம் என்மேல். ஆனால் கோபம் யார்மேல் போயிற்று? "நான் என்ன உன் பொம்மையா? வழியில தட்டு வச்சா எடுத்துத் தின்னுட்டுப் போக?" என்று இருந்த காற்றையெல்லாம் சேர்த்துக் கத்தினேன். கத்தலாக வரவில்லை, சீறலாக வந்தது. அவள் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் மதியம் சிகிச்சை முடிந்து என்னை வீட்டில் விட்டுவிட்டு என் வீட்டுக்காரர் வேலைக்குப் போனார். வேலையிலிருந்து வந்திருந்த பூனை மருந்து வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். கணினியை அணைக்காமல் போயிருந்தாள். அந்த இரைச்சல் என் தலையைக் குடைந்தது. அணைத்துத் தொலைப்போம் என்று போய் உட்கார்ந்தவள் திரையைப் பார்த்ததும் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

எங்கள் வீடு. அதே நடை, அதே ஜன்னல், படுக்கையறை வாசலில் ஃப்ரிட்ஜ். நீலச் சட்டை போட்ட ஒரு ஆம்பிளை சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தான். இடுப்பில் கைவைத்தபடி, அடர்ந்த புருவத்தோடு ஒரு பொம்பிளை நடமாடிக்கொண்டிருந்தாள். கட்டில் தலைமாட்டில் கிண்ணம், கண்ணாடிக்குக் கீழே கிண்ணம், குளியலறை வழியில் கிண்ணம். எனக்கு வைப்பதற்கு முன்னால் இதில் வைத்துப் பார்த்திருக்கிறாள்! அந்தப் பொம்பிளை நடந்து போகிற வழியில் ஒரு கிண்ணத்தை எடுத்தாள், குடித்தாள், கீழே வைத்தாள். அவள் கோடு பச்சையாக ஏறியது. திரும்பி வரும்போது இன்னொன்று குடித்தாள். அவ்வளவு சுலபமாக நான் விழுங்குவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

பின்னால் இருமல் சத்தம். மருந்துப் பையோடு பூனை.

"இது நானா?"

"ம்."

"நல்லா சாப்பிடுறேனே."

"அதுல உங்களுக்குத் தொண்டை வலிக்காதுல்ல அண்ணி."

சொல்லிவிட்டேன். தொட்டியில் ஊற்றியது, தண்ணீர் விட்டது, எல்லாவற்றையும். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. அவள் மருந்துப் பையைக் கீழே வைத்தாள். "எல்லாத்தையுமா ஊத்துனீங்க?"

"கண்ணாடிகிட்ட இருந்ததை மட்டும் ஒரு நாள் பாதி குடிச்சேன்."

"என்னைக்கு? சூப்பா, பழமா?" என்று ஆவலாகக் கேட்டாள். தலையில் அடித்துக்கொள்வதா, கட்டிப்பிடித்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

திரையைக் காட்டினேன். "நான் இருக்கேன், உங்க அண்ணன் இருக்காரு. நீ எங்கடி?"

"நான் எதுக்கு? நான்தான் வெளிய உக்காந்து பாத்துக்கறேனே. என்னையும் உள்ள சேர்த்தா அதுக்கும் பசிக்கும், அதை வேற பாக்கணும்."

"இன்னைக்கு மத்தியானம் நீ என்ன சாப்பிட்ட?"

அவள் நினைவுபடுத்திப் பார்க்கிறாள் என்று முகத்தில் தெரிந்தது. விடியற்காலை ஐந்து மணிக்கு உருளை முன்னால் நின்றவள். வந்ததும் என் கிண்ணங்களைக் கழுவி, சூப் வடிகட்டி, மருந்துக் கடைக்கு ஓடியவள். இந்த நான்கு வாரத்தில் அவள் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நிற்பது அப்போதுதான் என் கண்ணில் பட்டது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு, அவள் சாப்பிட்டாளா என்று ஒருநாள் கேட்டிருப்பேனா? எனக்கே என்மேல் அருவருப்பாக வந்தது.

"உன் பொம்மைங்க தனியா சாப்பிடுமா, சேர்ந்து சாப்பிடுமா?" என்றேன்.

"ஒருத்தர் தட்டோட உக்காந்தா பக்கத்துல இருக்கறவரும் எடுத்துட்டு வந்து உக்காருவாங்க. நாம சொல்லவே வேணாம்."

"அப்ப இது ஏண்டி உனக்குத் தோணல? நீ சூப் எடுத்துட்டு வந்து என் எதிர்ல உக்காரு. எனக்கு என்னவோ அதேதான் உனக்கும். நீ சாப்பிட்டா நான் சாப்பிடுறேன்."

அவள் சலவைக்கூடத்துக்குப் போன் செய்து ஒரு வாரம் விடுப்பு கேட்டாள். மேற்பார்வையாளர் நம்பாமல், பேசுவது அவள்தானா என்று இரண்டு தடவை கேட்டாராம்.

அந்த ஒரு வாரம்! ஒரு நாளைக்குப் பத்து வேளை. முதலில் தொண்டையை மரத்துப்போக வைக்கிற மருந்தைக் கொப்பளிக்க வேண்டும். அது வேலை செய்வது கால் மணி நேரம்தான். அதற்குள் சாப்பிட்டாக வேண்டும். சமையலறை மேஜையில் எதிரும் புதிருமாக உட்காருவோம். உப்பில்லாத, காரமில்லாத, ஆறிப்போன அந்தக் கூழை அவளும் தின்றாள். "நல்லாவா இருக்கு?" என்று கேட்டால், "பசை மாதிரி இருக்கு அண்ணி" என்று உண்மையைச் சொல்லிவிட்டு அடுத்த வாய் எடுப்பாள். நான் நிறுத்தினால் அவளும் நிறுத்துவாள். கரண்டி பாதி வழியில் நிற்கும். கெஞ்ச மாட்டாள், முகம் சுளிக்க மாட்டாள். நான் எடுக்கும்வரை எடுக்க மாட்டாள், அவ்வளவுதான். எனக்கு வைராக்கியம் என்று ஒன்றும் பெரிதாகக் கிடையாது. ஆனால் என்னால் ஒருத்தி பசியோடு எதிரே உட்கார்ந்திருக்கிறாளே என்று பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினேன். கண்ணீர் கிண்ணத்துக்குள்ளேயே விழும். "உப்பு சேர்ந்துடுச்சு" என்பாள். அந்த வலியிலும் சிரித்துத் தொலைப்பேன். சிரித்தால் இன்னும் வலிக்கும். "சிரிக்க வைக்காதடி பாவி" என்று மேஜையைத் தட்டுவேன்.

வாரக் கடைசியில் என் வீட்டுக்காரரும் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு ஒரு கிண்ணம் கேட்டார். ஒரு வாய் வைத்ததும் அவர் முகம் போன போக்கு இருக்கிறதே! "இதையா ரெண்டு பேரும் பத்து வேளை சாப்பிடுறீங்க?" என்றார். மறு பேச்சு பேசாமல் கிண்ணத்தைக் காலி செய்தார். அப்புறம் தினமும் ஒரு வேளை எங்களோடு சாப்பிட்டார்.

அடுத்த திங்கட்கிழமை எடைபார்க்கும் மேடையில் கண்ணை மூடிக்கொண்டு ஏறினேன். எடை இறங்கவில்லை. இருநூறு கிராம் கூடியிருந்தது. மேஜையில் படுக்க வைத்து முகமூடியைப் பூட்டினார்கள். பூட்டியபின் பேச முடியாது, தலையைத் திருப்ப முடியாது. கதவருகிலிருந்து பூனையின் குரல் மட்டும் கேட்டது. அவள் யாரிடமும் வலியப் போய்ப் பேசி நான் கேட்டதே இல்லை.

"விரல் போகுதாங்க?"

டெக்னீஷியன் அம்மா தாடைக்குக் கீழே அழுத்திப் பார்த்தாள். "போன வாரம் அளவுதான் போகுது, மேல தளரல. இதுவே போதும், கடைசி வரைக்கும் ஓட்டிடலாம்" என்றாள்.

கதவருகில் யாரோ தடாலென்று தரையில் உட்காரும் சத்தம் கேட்டது. எனக்குக் கண்ணீர் காதுக்குள் வழிந்தது. துடைக்கக் கை தூக்க முடியவில்லை. கடவுளே, இவள் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதுக்குள் கத்தினேன்.

சிகிச்சை ஒரு நாள்கூட விடாமல் முடிந்தது. கட்டி கரைந்துவிட்டது என்று டாக்டர் பிறகு படம் பார்த்துச் சொன்னார். பூனை முழுதாக வேலைக்குத் திரும்பினாள். எனக்கு மட்டும் வயிறு என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. நேரம் பார்த்துச் சாப்பிட்டேன், கடமைக்குத்தான் சாப்பிட்டேன். பசி திரும்பி வர வாரக்கணக்கு ஆகலாம், சிலருக்கு மாதக்கணக்கும் ஆகலாம் என்றார் டாக்டர். மதியம் வீட்டுக்கு வந்ததும் பூனை என் முகத்தை ஒரு பார்வை பார்ப்பாள். கேட்க மாட்டாள்.

ஆறு வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை பகல் பதினோரு மணி இருக்கும். துணி மடித்துக்கொண்டிருந்தேன். அடிவயிற்றில் என்னமோ பிடுங்கியது. வலியோ என்று பயந்து உட்கார்ந்தேன். வலி இல்லை. அது என்னவென்று புரிந்ததும் துணியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். சலவைக்கூடத்துக்குப் போன் போட்டேன். உருளையின் இரைச்சல், யாரோ அவளைக் கூப்பிடும் சத்தம், பிறகு இரைச்சல் நின்றது. இயந்திரத்தையே நிறுத்தியிருக்கிறார்கள்.

"அண்ணி? என்ன ஆச்சு? யார் இருக்காங்க பக்கத்துல?" அவள் குரல் அலறியது.

"ஒண்ணும் ஆகல பூனை. பயப்படாத." என் குரல் இன்னும் கரகரவென்றுதான் வந்தது. "பசிக்குதுடி."

அவள் அழுதுகொண்டே, எதிர்ப்பக்கத்துக்காரியிடம், "எங்க அண்ணிக்குப் பசிக்குதாம்க்கா, எங்க அண்ணிக்குப் பசிக்குதாம்" என்று திரும்பத் திரும்பச் சொல்வது எனக்குக் கேட்டது.

"வேலையை விட்டுட்டு ஓடி வராத, முடிச்சுட்டே வா" என்றேன். "நீ வந்ததும் ரெண்டு பேரும் சாப்பிடலாம்."